பக்கத்துப் பள்ளிக்கூடத்து அம்மா

1

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கு அடுத்தபடியாக மகத்தானது பள்ளிக்கூட மணி.

இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பல ஆண்டு விழாக்களில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு ஃபிரிட்ஜ் கடைத் திறப்பு விழாவில் மணியை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜைப் போட்டேன். அங்கேயும் கைதட்டினார்கள். [யோசித்தால், நெருப்புக்கு அடுத்து ஃபிரிட்ஜ் என்பதுதான் இன்னும் பொருத்தம்.]

இந்தக் கதையும் அப்படி ஓர் ஆண்டு விழாவால் கிடைத்ததுதான். கொடுத்தவள் நான் எழுதும் பத்திரிகையில் பிழை திருத்துகிற பெண். அவளுடைய அப்பா ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். அம்மா, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. இரண்டு பள்ளிக்கும் சேர்த்து நடந்த விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டதும் அவள்தான். பிறகு ஒருநாள் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "முடிவை மட்டும் நீங்களே எழுதிக்குங்க சார். நான் கீழே டிபன் பாக்கெட் எண்ணிட்டிருந்தேன். நீங்கதான் மேடையிலயே உக்காந்து பாத்தீங்களே," என்றாள்.

தலையாட்டினேன்.

2

தொடக்கம் அமையவில்லை.

"பொழுது புலர்ந்தது. மதில்மேல் இரண்டு பறவைகள்—" வேண்டாம். பறவைகள் வந்தால் ஒன்று ஆண் பறவை, ஒன்று பெண் பறவை என்று ஆகும். பிறகு நானே வெட்கப்படுவேன்.

"வரும் கல்வியாண்டு முதல், கீழ்க்கண்ட பள்ளிகள்—" இது சுற்றறிக்கை. ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இந்த இரண்டு பள்ளிகளின் ஓர் ஆண்டு எப்படி ஓடும் என்று சொல்லிவிடுகிறேன். சேர்க்கை, நேர அட்டவணை, விளையாட்டு விழா, பரீட்சை, ஆண்டு விழா, விடுமுறை. மதிலில் ஒரு கதவு. மைதானம் ஆண்கள் பக்கம், மண்டபம் பெண்கள் பக்கம். மைதானம் கேட்டு ஆள் அனுப்பினால், "இப்பதான் தண்ணி தெளிச்சிருக்கு" என்று பதில் வரும். மண்டபம் கேட்டு ஆள் வந்தால், "இப்பதான் தரை துடைச்சிருக்கு" என்று பதில் போகும். மற்ற உலகம் வெயிலில் வறண்டு கிடக்க, இங்கே மட்டும் ஆண்டு முழுவதும் ஈரம் காய்வதில்லை.

கடைசியில் விளையாட்டு விழாவுக்கு ஒருநாள் மைதானம் பெண்களுக்குத் திறக்கும். ஆண்டு விழாவுக்கு ஒருநாள் மண்டபம் ஆண்களுக்குத் திறக்கும். மீதி நாளெல்லாம் பெண்கள் வராந்தாவில்தான் ஓடிப் பழக வேண்டும்.

3

தலைமையாசிரியர், தலைமையாசிரியை என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் பக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். பையன்கள் அவரை 'இடி' என்றும், பெண்கள் இவரை 'ஸ்கேல்' என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. மகள் சொன்னபடியே அப்பா, அம்மா என்று வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்: பள்ளிக்கூடப் பேச்சு வாசற்படியோடு சரி. அந்தச் சட்டத்தை இருவரும் வெகுகாலம் மீறியதே இல்லை. பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

"ஏங்க, உங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்து அம்மா மைதானம் கேட்டாங்களாமே, என்ன ஆச்சு?" என்று அம்மா பரிமாறிக்கொண்டே கேட்பாள், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிக் கேட்பதுபோல.

"கேட்டாங்க. அந்த அம்மாவுக்கு எல்லாத்துலயும் அவசரம். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"நான் சொன்னா கேக்குற ஆளா அவங்க? உங்க ஹெட்மாஸ்டர் மட்டும் என்னவாம்? அவரைக் கட்டிக்கிட்டவ எப்படித்தான் குப்பை கொட்டுறாளோ!"

"நல்ல மனுஷன்னு கேள்வி."

"கேள்விதான்."

[தம்பதிகள் நிஜமாகவே இப்படிப் பேசுவார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மகளிடமே கேட்டேன். "சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுதானே?" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.]

4

இப்போது அந்தச் சுற்றறிக்கை. இரண்டு பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் இரண்டும் ஒரே பள்ளி. மதிலை இடிப்பதற்கு முன் முடிவாக வேண்டியது ஒன்று: ஒரு பள்ளிக்கு ஒரு தலைமைதான். மற்றவர் உதவித் தலைமை.

கல்வி அதிகாரி நேரில் வந்தார். "ரெண்டு பேருமே ரத்தினம். இதுல நான் யாருங்க பொறுக்கி எடுக்க? ஒரே வீடுதானே, சாப்பிடும்போது பேசி ஒரு பேரைச் சொல்லிடுங்க. ஆண்டு விழாவுல அறிவிச்சிடுறேன்," என்றார். இதற்கு 'அதிகாரப் பரவல்' என்று பெயர் சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அப்பாதான் ஆரம்பித்தார்.

"அந்த அம்மா விட்டுக்கொடுத்துடுவாங்கன்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறாங்க."

"எதுக்காம்?"

"அவங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"உங்க ஹெட்மாஸ்டருக்கு இல்லையா? எங்க தங்கியிருக்காரு, லாட்ஜிலயா?"

மகளுக்குப் புரையேறியது. அம்மா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பேச்சை நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"அந்த அம்மாவுக்குப் பதவி ஆசையெல்லாம் இல்லைங்க..." என்று சொல்ல வந்தவள், அதற்கு மேல் அந்தப் பொய்யை இழுக்க முடியாமல், "இருக்கு. ஆசை இருக்கு. ஏன் இருக்கக் கூடாது? அவங்க பொண்ணுங்க வராந்தாவுல தூணுக்கும் சுவருக்கும் நடுவுல ஓடிப் பழகுதுங்க. விளையாட்டு விழாவுல மைதானத்துல விட்டா, வராந்தா முடியுற தூரம் வந்ததும் ஒரு பொண்ணு சட்டுனு திரும்பி ஓடி வந்துட்டா. எதிர்ல சுவரே இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள்.

"நான் சிரிக்கல," என்றார் அப்பா.

சட்டம் முதன்முறையாக உடைந்திருந்தது.

"யாரு சிரிக்கலையாம்?" என்றாள் அம்மா மெதுவாக.

"...ஹெட்மாஸ்டர். அவர் சிரிக்கலையாம்."

"மறுநாள் மைதானத்தைத் திறந்துவிட்டாராமா?"

அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

5

இந்த இடத்தில் பத்திரிகைகளுக்குப் பிடித்த திருப்பம் ஒன்று தயாராக இருக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி கணவன் பெயரைச் சொல்கிறாள். மனைவிக்குத் தெரியாமல் கணவன் மனைவி பெயரைச் சொல்கிறான். இருவர் கண்ணிலும் நீர். எழுதியே பார்த்துவிட்டேன். "அன்பு என்பது விட்டுக்கொடுத்த நாற்காலியில்—" என்று ஒரு வரிகூட வந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. அம்மா அதிகாரிக்குப் போன் போட்டுத் தன் பெயரைச் சொன்னாள். சாயங்காலம் வீட்டில், "உங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்து அம்மா ஹெட்மாஸ்டர் பேரையே சொல்லிட்டாங்களாம்," என்றாள்.

"அடடே," என்றார் அப்பா. "ஹெட்மாஸ்டரும் அந்த அம்மா பேரைத்தான் சொன்னாராம்."

சொல்லிவிட்டுக் காது மடலைத் தேய்த்தார். அவர் எப்போது காது மடலைத் தேய்ப்பார் என்று அம்மாவுக்குத் தெரியும். கழுவி வைத்த பாத்திரத்தையே அம்மா இன்னொரு தடவை கழுவினாள். அவள் எப்போது அப்படிக் கழுவுவாள் என்று அப்பாவுக்கும் தெரியும். இருவரும் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசிக்கொண்டு படுக்கப் போனார்கள்.

மறுநாள் அதிகாரியே வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மகள்.

"என்னம்மா இது, ரெண்டு பேரும் அவங்கவங்க பேரையே சொல்றாங்க! நான் என்ன பண்றது?"

"நீங்களே முடிவு பண்ணுங்க சார். அது உங்க வேலைதானே?"

அதிகாரிக்கு அது புதுச் செய்தியாக இருந்ததாம்.

6

ஆண்டு விழா. பெண்கள் பள்ளி மண்டபம், தரை காய்ந்திருந்தது. மேடையில் எனக்கு வலப்பக்கம் அப்பா, சட்டைப் பையில் மைதானச் சாவி. இடப்பக்கம் அம்மா, மடியில் கைப்பை, அதற்குள் மண்டபச் சாவி. இரண்டு ஆண்டறிக்கைகளும் வாசிக்கப்பட்டன. இரண்டு பள்ளிகளும் சென்ற ஆண்டைப் போலவே இவ்வாண்டும் முன்னெப்போதும் இல்லாத வளர்ச்சி கண்டிருந்தன. நான் நெருப்பையும் மணியையும் பற்றிப் பேசினேன்.

நான் உட்கார்ந்ததும் அம்மா என் பக்கம் சாய்ந்து, "நல்லா பேசினீங்க," என்றாள். கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்வி அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்து, கல்வியின் வரலாற்றைக் குகையிலிருந்து தொடங்கினார்.

அடுத்து என் காதில் விழுந்தது கைதட்டல். அப்பாவும் அம்மாவும் எழுந்து நின்று, சிரித்தபடி தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து தட்டினேன். இருவருக்கும் வாழ்த்துச் சொன்னேன். இருவரும் நன்றி சொன்னார்கள்.

7

முடிவுகள், உங்கள் வசதிக்கு:

அம்மாவுக்குக் கிடைத்தது. மைதானக் கதவு மறுநாளே திறந்தது. அப்பா வீட்டில், "எங்க புது ஹெட்மிஸ்ட்ரஸ் ரொம்பக் கண்டிப்பாம்," என்று சொல்லத் தொடங்கினார்.

அப்பாவுக்குக் கிடைத்தது. மைதானத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறது.

அப்பாவுக்குத்தான் கிடைத்தது, ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் மைதானச் சாவியை எடுத்து— [இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விளையாட்டு விழாவின் மறுநாள் அவர் திறக்கவில்லையே.]

எது முடிவு என்று விதிக்க எழுத்தாளனுக்கு உரிமை இல்லை. கதை வாசகரின் சொத்து. திறந்த முடிவே உயர்ந்த கலை. இப்போது விடுமுறை, இரண்டு வாசலிலும் பூட்டு. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளி திறந்த பிறகு நீங்கள் அந்தப் பக்கம் போனால் மைதானத்தை எட்டிப் பாருங்கள். பெண்கள் ஓடிக்கொண்டிருந்தால், எங்கே திரும்புகிறார்கள் என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகளிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

மேடையில் நீங்களேதானே உட்கார்ந்திருந்தீர்கள் என்பீர்கள்.

உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டேன்.