மூன்றாவது அழைப்புக்கு முன்னால்

இன்னும் நாற்பது நிமிடம். அதற்குள் மூன்று வருட உழைப்பின் கதி தெரிந்துவிடும்.

யுவனேஸ்வரன் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி, கைகளைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தான். விசைப்பலகைப் பக்கம் கை போய்விடுமோ என்ற பயம். பக்கத்தில் ஜோனிட்டா, ஆறிப்போன தே தாரேக் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். ஜாசின் சந்தைக்கு எதிரே, மசாலாக் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்றே கால் மணி. ஏர்கோன் வழக்கம்போல் சத்தம் மட்டும் போட்டது.

'கடைசிப் பெரட்டு' என்ற திகில் கணினி விளையாட்டை இருவரும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள்; பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. ஆளில்லாத செம்பனைத் தோட்டம், இடிந்த தொழிலாளர் லயத்து வீடுகள், பூட்டிய எண்ணெய் ஆலை, காணாமல்போன அண்ணனைத் தேடி டார்ச் லைட்டுடன் நுழையும் தேவிஸ்ரீ என்ற பெண். பகலில் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு பழுதுபார்த்துவிட்டு மாலையில் யுவன் இதற்கு நிரல் எழுதினான். புக்கிட் பெருவாங்கில் கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் இருந்த ஜோனிட்டா இதற்கான ஒலிகளைப் பிடித்துத் தந்தாள்.

கோலாலம்பூர் வெளியீட்டு நிறுவனம் ஒன்று இதைப் பரிசீலனைக்கு எடுத்திருந்தது. அவர்களுடைய தேர்வாளர் லியோனல் நாற்பது நிமிடம் விளையாடுவார். உருவாக்கியவர்கள் திரையில் பார்க்கலாம், அவர் பேசுவதைக் கேட்கலாம். ஆனால் இவர்கள் பக்கம் மைக் மூடப்பட்டிருக்கும். ஒரு வரி செய்தி அனுப்பினாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஜோனிட்டாவின் கைப்பேசியில் சிங்கப்பூர் நிறுவனத்தின் வேலைக் கடிதம் இருந்தது. இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்தத் தேர்வு கிடைச்சா நான் இங்கதான்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "கிடைக்கலன்னா திங்கக்கிழமை பஸ் ஏறிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத."

திரை ஒளிர்ந்தது. லியோனலின் முகம் மூலையில் ஒரு சிறு கட்டத்தில் தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி. முழங்கைக்கு அருகே ஒரு நோட்டு.

"ஓகே, ஆரம்பிக்கலாம்" என்றார்.

தேவிஸ்ரீ செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்தாள். எங்கோ ஒரு காய்ந்த மட்டை முறிந்து விழுந்தது. லியோனல் நாற்காலியில் துள்ளினார்.

"அலாமாக்! இந்தச் சத்தம் எங்க பிடிச்சாங்க? என் பின்னாலயே விழுந்த மாதிரி இருக்கு. சத்தத்துக்கு முழு மார்க்."

ஜோனிட்டா யுவனின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அந்த மட்டைக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"டார்ச் பேட்டரி மூணு நிமிஷம்தான். நல்லது, வெளிச்சத்தை மிச்சம் பிடிச்சுப் பயன்படுத்த வேண்டியிருக்கு." லியோனல் நோட்டில் எழுதினார். "ஆனா பையில நாலு சாமான்தான் வைக்கலாமா? கஞ்சத்தனம். அப்புறம் இந்தப் பொண்ணு ஓடவே மாட்டேங்குதே. என் மாமியார் இதவிட வேகமா நடப்பாங்க."

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றாள் ஜோனிட்டா.

"சும்மா இரு. மாமியார்லாம் மைனஸ்ல வராது."

லயத்தின் முனையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதை ஏற்றினால் விளையாட்டு அதுவரைக்கும் பதிவாகும். லியோனல் ஏற்றினார். ஒரே ஒரு பதிவுதான், அடுத்த முறை ஏற்றினால் முந்தையது அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது.

"துணிச்சல்தான்" என்றார். "பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. பிடிச்சிருக்கு."

யுவன் முதல்முறையாகச் சிரித்தான். ஜோனிட்டா இரண்டு பதிவாவது வேண்டும் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டிருந்தாள். திரும்பிப் போக வழி இருந்தால் எவன் பயப்படுவான் என்று அவன்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

பதினேழாவது நிமிடம். தேவிஸ்ரீ லயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதையில் நின்றாள். இருட்டிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"தேவீ..."

திரையின் அடியில் ஒரு வரி மின்னியது: பதில் சொல்ல E.

இதுதான் விளையாட்டின் உயிர் இருக்கும் இடம். முதல் இரண்டு அழைப்பும் பேயுடையது. மூன்றாவதுதான் அண்ணனுடையது. மூன்றாவதற்குப் பதில் சொன்னால் அண்ணன் வெளியே வந்து ஆலைச் சாவியைத் தருவான். ஆலைக் கதவு திறக்கும். அதன் பிறகுதான் பேய் துரத்த ஆரம்பிக்கும்.

லியோனல் சட்டென்று E-யை அழுத்தினார்.

"இதோ, இங்க இருக்கேன்!" என்றாள் தேவிஸ்ரீ.

அறையில் இருவரும் உறைந்து போனார்கள்.

"ஏன்லா அமுக்கிட்டாரு?" ஜோனிட்டாவின் குரல் கீச்சிட்டது. "முதல் கூப்பாட்டுக்கே எவன்லா பதில் சொல்லுவான்?"

யுவன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து உருவித் தலையில் வைத்துக்கொண்டான்.

"யுவன், இப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா?"

"ஒண்ணும் எழுதல, ஜோனி. மூணாவதுக்கு அப்புறம் என்னான்னு எழுதியிருக்கேன். பதிலே சொல்லாம ஓடினா என்னான்னு எழுதியிருக்கேன். ஒண்ணாவதுக்கே பதில் சொன்னா..."

அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனும் அவளும் தோட்டத்தில் பிறந்தவர்கள். இருட்டிய பிறகு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தடவை கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சொல்லித்தர வேண்டிய விஷயமே அல்ல. சோதித்துப் பார்த்த பதினோரு பேரும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவர்கூட முதல் அழைப்புக்கு வாய் திறக்கவில்லை.

திரையில் நிசப்தம். அடுத்த அழைப்பு வரவில்லை. அண்ணன் வரவில்லை. பேயும் வராது.

"கேணி!" என்றான் யுவன் திடீரென்று. "பாதை ஓரத்துல இருக்கிற பாழுங்கேணியில விழுந்து செத்தாருன்னா பழைய பதிவுக்குப் போயிடுவாரு. மறுபடி கூப்பாடு வரும். அப்ப கொஞ்சம் யோசிப்பாரு."

தேவிஸ்ரீ கேணியை நோக்கித்தான் நடந்தாள்.

"விழுங்க சார்" என்றாள் ஜோனிட்டா, திரையைத் தொடாத குறையாக. "கொஞ்சம் இடது பக்கம் வாங்க. பிளீஸ், செத்துருங்க."

டார்ச் வெளிச்சம் கேணியின் விளிம்பைத் தொட்டது. தேவிஸ்ரீயின் கால் ஓரத்தில் வழுக்கியது. யுவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாடி, தப்பிச்சேன்" என்றார் லியோனல். "இந்த இடத்துல செத்தா நடந்ததெல்லாம் வீணாயிடும். முதல்ல போய்ப் பதிவு பண்ணிக்குவோம்."

"வேணாம் சார்!" யுவன் எழுந்தே விட்டான். "வேணாம், வேணாம்!"

மூடிய மைக்கிடம் கத்தினான். கீழே கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கோலாலம்பூரில் யாருக்கும் கேட்கவில்லை.

லியோனல் விளக்கை ஏற்றினார். அழைப்புக்கு முந்தைய பழைய பதிவு அழிந்தது.

"ரெண்டு பதிவு வச்சிருந்தா..." என்று தொடங்கிய ஜோனிட்டா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த இருபது நிமிடம் லியோனல் அந்தத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆலைக் கதவைத் தட்டினார். எட்டு லயத்து வீடுகளிலும் நுழைந்து தேடினார். முதலில் ஆர்வமாக, பிறகு எரிச்சலாக. கடைசியில் கொட்டாவி விட்டார். டார்ச் அணைந்தது. கும்மிருட்டுத் திரையில் காற்றில் உரசும் மட்டைகளின் ஓசை மட்டும் மிக அழகாகக் கேட்டது.

நாற்பது நிமிடம் முடிந்தது. இவர்களுடைய மைக் திறந்தது.

"யுவனேஸ்வரன், ஒரு கேள்வி" என்றார் லியோனல். "அந்தக் குரலுக்கு அப்புறம் யாருமே வரல. வேணும்னே அப்படி வச்சீங்களா?"

அது ஒரு கதவு. ஆமாம் என்றால் ஒருவேளை திறக்கலாம். யுவன் ஜோனிட்டாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்து பொட்டலத்தின் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னால், ஆலைக் கதவு எதற்கு என்று அடுத்த கேள்வி வரும்.

"இல்ல சார். தப்பு எங்களோடது." மூன்று அழைப்பு விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

லியோனல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்ல தலைகீழ், தம்பி. அப்பா கூப்பிட்ட உடனே 'இதோ இங்க இருக்கேன்'னு சொல்லணும். ரெண்டாவது தடவை கூப்பிட வச்சா பெல்ட்டு. இப்பவும் யாரு கூப்பிட்டாலும் கை தானா ஓடிடும்." நோட்டை மூடினார். "ஒலி, இருட்டு, எல்லாமே பிரமாதம். ஆனா நான் விளையாடினதுக்குத்தான் மார்க் போட முடியும். அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சு. சரிபண்ணி அனுப்புங்க. நிச்சயம் பார்க்கிறேன்."

திரை அணைந்தது.

"நாளைக்கே சரிபண்ணிடலாம், ஜோனி. ரெண்டு மணி நேர வேலைதான்."

"தெரியும்."

"ஆறு மாசம்தானே?"

"அவங்க அஞ்சு மணி வரைக்கும்தான் காத்திருப்பாங்க, யுவன்."

அவள் கைப்பேசியை எடுத்தாள். தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. பிறகு மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, பையில் வைத்தாள். ஒலிகள் இருந்த சிறிய வன்தட்டை மட்டும் மேசையில் விட்டாள்.

"எல்லாம் இதுல இருக்கு. பேர் போட்டு வச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை எத்தனை மணி பஸ்?"

"காலைல ஆறே கால். மலாக்கா சென்ட்ரல்."

"நான் கொண்டு விடுறேன்."

"உனக்கு ஷிஃப்ட் ஆறு மணிக்குலா" என்றாள் அவள், படியில் இறங்கியபடியே.