கருப்பு வட்டத்தின் விலை

சமையல் மேடையில் இருந்த கருப்பு வட்டத்துக்கு என்ன விலை?

மூன்று நாட்களாக நெட்டை இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நெட்டை என்பது, ஆறடிக்கு இரண்டே விரல் குறைச்சல் என்பதால் அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் வைத்த பெயர். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது கூடவே வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வட்டமோ ஒரு வாணலியின் அடிப்பாகம் அளவுக்கு இருந்தது. இரண்டு வருடம் முன்பு அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை ஃபோன் பேசிக்கொண்டே அப்படியே மேடையில் வைத்தது அக்கா. மேடையின் பளபளப்புப் பூச்சு கருகிப்போனது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் பொருத்தித் தருகிறவள். மூன்று வருடம் முன்பு இருவரும் சேர்ந்து மூன்றாவது மாடியில் இந்த வீட்டைப் பிடித்தார்கள். ஆளுக்கு முப்பதாயிரம் போட்டு அறுபதாயிரம் முன்பணம். அன்றைக்கே, "என்னை அக்கான்னே கூப்பிடுடி. மேடம் கீடம்லாம் கடையோட போகட்டும்" என்றாள் அவள். மூன்று வருடமும் நெட்டை அப்படித்தான் கூப்பிட்டாள். இப்போது அந்தச் சொல் நாக்கில் வரும்போதெல்லாம் பல்லில் மணல் கடிபட்டதுபோல இருந்தது.

நெட்டை கிளம்புகிறாள். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூன்று மாடி ஏற அந்தக் காலால் ஆகாது. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. முன்பணம் நாற்பத்தைந்தாயிரம். சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நெட்டை கையில், சம்பள முன்பணத்தையும் சேர்த்து, பதினெட்டாயிரம் இருந்தது. மிச்சம் இருபத்தேழாயிரம் இந்த வீட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

அக்கா வீட்டிலேயே இருக்கப் போகிறாள். நெட்டையின் பங்கைத் தானே கொடுத்து முடித்துவிட ஒப்புக்கொண்டும்விட்டாள். ஆனால் ஒரு தாளை நீட்டினாள். வட்டம் விழுந்த மேடைக்கு எட்டாயிரம். அடியில் ஊறி உப்பிய குளியலறைக் கதவுக்கு ஆறாயிரம். விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடிக்கு நாலாயிரம். ஆணி அடித்த சுவருக்கு வெள்ளையடிக்க ஆறாயிரம். ஆக இருபத்துநாலாயிரம்.

"பாதி உன் தலையில பன்னண்டு. முப்பதுல பன்னண்டு போனா பதினெட்டு. எண்ணி வெச்சிருக்கேன், எடுத்துக்கோ."

"எட்டாயிரமா? அந்த வட்டத்துக்கா?"

"பின்ன? பலகையையே மாத்தணும்டி. நான் காலி பண்ற அன்னிக்கு வீட்டுக்காரர் என் கழுத்துல துண்டைப் போட்டுக் கேப்பார். அப்ப நீ வந்து நிப்பியா?"

கோபத்தில் நெட்டைக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அக்காவின் வாதத்தில் பாதி உண்மை இருந்தது. சேதத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று வீட்டுக்காரர் பார்ப்பது வீடு முழுதாகக் காலியாகும் அன்றைக்குத்தான். அது என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. நெட்டைக்கோ பணம் இன்றைக்கு வேண்டும். என்றோ ஒருநாள் அவர் சொல்லப்போகும் தொகையை இன்றைக்கே ஊகித்துக் கழிக்க வேண்டும். ஊகிக்கிற பேனா அக்கா கையில்.

கீழ்த்தளத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டாள். அவர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கையை விரித்தார்.

"இன்னிக்கு ஒண்ணு சொல்லி, அன்னிக்கு வேற ஒண்ணு சொன்னா என் சட்டையைப் பிடிப்பீங்க. எனக்கு எதுக்கும்மா வம்பு? உங்களுக்குள்ள தீர்த்துக்குங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, முன்பண ரசீதுல பேரை மாத்தித் தர்றேன். யார் பேர் இருக்கோ அவங்களுக்குப் பணம். அவ்வளவுதான் என் சோலி."

கொத்தனாரை அழைத்து வந்து காட்டினாள். அவர் வட்டத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார். "தேச்சு மெருகு போட்டா ரெண்டாயிரம். பலகை மாத்தினா எட்டாயிரம். வீட்டுக்காரர் எதைக் கேக்குறாரோ அது."

ஆக, வட்டத்துக்கு விலை இரண்டாயிரம். எட்டாயிரமும்தான். இரண்டும் பொய் இல்லை. நெட்டைக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வட்டத்தை ஒரு குத்து விட்டாள். வட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கையோடுதான் வேலைக்குப் போனாள்.

பெரிய விடுதிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் வந்து சேரும் சலவைக்கூடம் அது. ஆள் உயர டிரம்மில் துவைத்துச் சுழற்றிப் பிழிந்த பிறகும் துணியில் ஈரம் இருக்கும். அந்தக் குவியலை இரண்டு தள்ளுவண்டியில் பிரித்து, இரண்டு பேர் ஆளுக்கொன்றாகத் தள்ளிக்கொண்டு போய், சூடான உருளைக்குள் விட்டுக் காயவைத்து மடிக்க வேண்டும். துண்டு என்றால் கனம், கை ஒடியும். தலையணை உறை என்றால் இறகு. முன்பெல்லாம் யாருக்கு எந்த வண்டி என்று தினமும் சண்டை நடக்கும். ஒரே உருளைக்கு எதிரெதிரே நின்றுகொண்டு மாதக்கணக்கில் பேசாத ஜோடிகள் இருந்தன. அதற்கு ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள்: ஒருவர் பிரிப்பார், மற்றவர் முதலில் எடுப்பார். பிரித்தவருக்கு மீந்த வண்டி.

சின்ன விஷயம்தான். ஆனால் அது வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பிரிக்கிறவருக்கு எது தன் வண்டி என்று தெரியாது. ஒன்றில் துண்டு கூடிப்போனால் அது தன் தலையில்தான் வந்து விழும். அதனால் யாரும் மேற்பார்க்காமலே, இதிலிருந்து இரண்டு எடுத்து அதில் போட்டு, அதிலிருந்து ஒன்று எடுத்து இதில் போட்டு, தராசுத்தட்டு மாதிரி சரிக்கட்டுவார்கள். நல்லவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் நலம் பார்த்தால் போதும்.

அன்றைக்குப் பிரிக்கும் முறை நெட்டையுடையது. எதிரே நின்றவனை எல்லோரும் பீப்பாய் என்பார்கள். உடம்பும் குரலும் அப்படி.

"என்ன நெட்டை, துணியைப் பிழியிறியா, யார் கழுத்தையாவது பிழியிறியா?"

"கழுத்துதான். பேசாம நில்லு."

"சரி தாயே. நம்ம கழுத்து இல்லன்னா சரி."

பதினெட்டு, பன்னிரண்டு, எட்டு என்று மனதுக்குள் எண்கள் ஓட, கை பாட்டுக்கு அள்ளிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தபோது துண்டெல்லாம் ஒரு வண்டியில் மலையாகக் கிடந்தது. மற்றதில் தலையணை உறைகள் நாசூக்காகப் படுத்திருந்தன. பீப்பாய் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. உறை வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"டேய், கவனிக்கலடா. இரு, மறுபடி பிரிக்கிறேன்."

"அதெல்லாம் கிடையாது. நீ பிரிச்சே, நான் எடுத்தேன். உன் கோபத்துக்கு நான் ஏன் கை வலிக்க நிக்கணும்?" என்று சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டான்.

பற்களைக் கடித்துக்கொண்டு துண்டு வண்டியைத் தள்ளினாள். சக்கரம் கிறீச்சிட்டது. பாதி வழியில் வண்டி நின்றது. சக்கரத்தில் கோளாறு இல்லை. நெட்டைதான் நின்றுவிட்டாள்.

அக்கா பிரிக்கிறாள். அக்காவே எடுக்கவும் செய்கிறாள். கோளாறு வட்டத்தில் இல்லை, அங்கே இருக்கிறது.

சனிக்கிழமை காலை அக்கா கடைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். நெட்டை தன் கையிருப்பான பதினெட்டாயிரம் ரூபாய்க் கட்டைக் கொண்டுவந்து மேடையில், சரியாகக் கருப்பு வட்டத்தின் மேல் வைத்தாள்.

"என்னடி இது? வாங்கிக்கோன்னு நான் சொன்னா நீ கொண்டுவந்து வைக்கிறே?"

"நம்ம ரசீதுல ரெண்டு பாதி இருக்கு. ஒரு பாதி பதினெட்டாயிரம்தான் பெறும்னு நீங்க சொல்றீங்க. சரி, விலை நீங்களே சொன்னதா இருக்கட்டும். யார் வாங்குறது, யார் விக்கிறதுன்னு நான் சொல்றேன். இந்த விலைன்னா நான் வாங்குறேன். இந்தாங்க பதினெட்டு. ரசீதை என் பேருக்கு மாத்திடலாம்."

"பைத்தியமா உனக்கு? வீட்டுல இருக்கப் போறது நான்."

"இருங்க. வாடகை குடுங்க, இருங்க. யாரு வேண்டாம்னா? இன்னிக்கு வீடு எப்படி இருக்குன்னு மூலை மூலையா ஃபோட்டோ எடுத்துட்டேன். இனிமே உடையிறது உங்க கணக்கு. நீங்க காலி பண்ணும்போது அவர் பழைய உடைசலுக்குக் கழிச்சது போக மீதி எனக்கு."

அக்காவின் சீப்பு பாதித் தலையில் நின்றது.

"அறுபதும் உனக்கா?"

"அறுபது எங்க வரும்? இருபத்துநாலு போயிடும், முப்பத்தாறுதானே வரும்? நீங்கதானே எழுதினீங்க. அதுல பாதி பதினெட்டு, இந்தா இருக்கு. உங்களுக்கு ஒரு காசு நஷ்டம் இல்லையே."

நெட்டையின் முகம் கல்லாக இருந்தது. அக்கா மட்டும் 'சரி, வாங்கிக்கோ' என்று அந்தக் கட்டை எடுத்துவிட்டால், கையில் இருந்த காசும் போய், தரைத்தள அறையும் போய், நாளைக்கு அம்மாவை வாசலில் உட்கார வைக்க வேண்டியதுதான். என்றோ ஒருநாள் வரப்போகும் அறுபதாயிரத்தை வைத்து இன்றைக்கு ஒரு கதவு கூடத் திறக்காது.

அக்கா கட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் தள்ளினாள். "போடி. அவர் அவ்வளவெல்லாம் எங்க கழிக்கப் போறார்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

"அப்ப எவ்வளவு கழிப்பார்?" நெட்டையின் குரல் உயரவில்லை. "மூணு வருஷம் உங்களை அக்கான்னு கூப்பிட்டேன். நீங்க வெச்ச வாணலி அது. நான் ஒரு வார்த்தை சொல்லல. எங்க அம்மா காலுல கட்டோட கிடக்குறாங்கன்னு தெரிஞ்சும் அதுக்கு எட்டாயிரம் எழுதினீங்க. எழுதும்போது கை கூசல?"

"நான் என்ன உன்னை ஏமாத்தணும்னா..."

"அதை விடுங்க. கடைசியா ஒரே ஒரு தடவை விலை சொல்லுங்க. குறைச்சுச் சொன்னா நான் வாங்குவேன். கூட்டிச் சொன்னா விப்பேன். சொன்ன பிறகு மாத்தக் கூடாது."

அக்கா தாளை எடுத்தாள். வீட்டைப் புதிதாக வாங்க வந்தவள்போலச் சுற்றி வந்தாள். குளியலறைக் கதவைத் திறந்து மூடினாள். "அடியில மட்டும்தானே ஊறியிருக்கு, சீவிட்டாப் போதும்" என்று முணுமுணுத்தாள். ஜன்னல் விரிசலைக் கட்டை விரலால் அளந்தாள். மேடைக்கு வந்து பணக்கட்டை நகர்த்திவிட்டு வட்டத்தைக் குனிந்து பார்த்தாள், லென்ஸில் கீறல் பார்ப்பதுபோல. நேற்று வரைக்கும் பலகையையே தின்றுவிட்டிருந்த வட்டம் இப்போது தேய்த்தால் போகிற வட்டமாகியிருந்தது. அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். ஒரு துண்டை இதில் போட்டு, ஒன்றை அதிலிருந்து எடுத்து, சலவைக்கூடத்தில் வண்டி பிரிப்பதுபோல. நெட்டை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடை ரெண்டாயிரம். கதவு ஆயிரம். கண்ணாடி ஐநூறு. வெள்ளை ஆயிரத்தி ஐநூறு. மொத்தம் அஞ்சு. ஆளுக்கு ரெண்டரை." தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு பாதிக்கு இருபத்தேழாயிரத்தி ஐநூறு. இப்ப வாங்குறியா, விக்கிறியா?"

"விக்கிறேன்."

அலமாரி திறந்து மூடிய சத்தம் பலமாகக் கேட்டது. அக்கா எண்ணிக் கொடுத்தாள். நெட்டை மறுபடி எண்ணினாள். மூன்று வருடத்தில் அக்கா கொடுத்ததை அவள் எண்ணிப் பார்த்தது அதுவே முதல் தடவை. கோபம் அப்படியேதான் இருந்தது. அதைக் கழிக்க எந்தக் கணக்கிலும் இடம் இல்லை. இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். சைக்கிள் கடையில் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வீட்டுக்காரர் ரசீதை எடுத்தார்.

அக்கா விலை சொன்னாள், நெட்டை விற்கிற பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். ரசீதில் நெட்டையின் பெயரை அடித்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மதியத்துக்குள் தரைத்தள அறைக்கு நாற்பத்தைந்தாயிரம் கட்டியாகிவிட்டது; மீந்த ஐநூறு சாமான் ஏற்றிப்போன வண்டிக்கு.