மீசை வைத்த குழந்தை

குழந்தைகள் வார்டில், ஒட்டகச்சிவிங்கி வரைந்த கட்டிலில் மீசை வைத்த குழந்தை ஒன்று படுத்திருந்தது. வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. பாதங்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், அவற்றுக்கென்று நர்ஸுகள் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பஸ் மெக்கானிக். பிறந்த கையோடு மூளையில் நீர் கோத்துக்கொள்ள, அதை வடிக்க, இங்கே மூளை அறுவை நிபுணராக இருக்கும் பேராசிரியர்தான் தலைக்குள் மெல்லிய குழாய் வைத்தார். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி வயிற்றில் போய் முடிகிற குழாய். அது அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் இங்கேதான் வந்து படுப்பான். பெரியவர்கள் வார்டுக்குப் போகச் சொன்னால், "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்பான். மேலிடம் விளக்கம் கேட்டபோது, 'குழந்தை கொஞ்சம் அவசரப்பட்டு வளர்ந்துவிட்டது' என்று பேராசிரியர் பதில் போட்டதாக ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கவில்லை.

உலகத்தின் எந்த மூலையில் ஒரு குழந்தை தலைகுப்புற விழுந்தாலும், தூக்க ஓடிவருவது அவருடைய மாணவனாகத்தான் இருக்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்குச் சமீபத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வகுப்பில் ஸ்கேன் படத்தைக் காட்டும்போது சிவப்பு ஒளிப்புள்ளி திரையில் கொசுவாகத் தவித்தது. சுதாரித்துக்கொண்டு, கட்டியைச் சுற்றி வட்டம் போடுவதுபோல் சமாளித்தார். அடுத்த மாநாட்டில் அவருடைய மாணவர்கள் எல்லோரும், கல்லுமாதிரி ஆடாத கை இருந்தும், புள்ளியை நடுங்க நடுங்க ஆட்டினார்கள். குருவின் பாணியாம். முன்வரிசையில் உட்கார்ந்து அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய்ப் பசியில்லை என்று படுத்துவிட்டார். கரண்டியைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவரிடம் படித்து, இப்போது அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் டாக்டர். "சார், இந்தக் கேஸை நான் பண்ணட்டுமா?" என்று காலையில்தான் கேட்டாள். "ஏன், எனக்கென்ன கேடு?" என்று எரிந்து விழுந்தார். அவள் அவர் கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துப் பேசியதுதான் அவரைச் சுட்டது.

"வண்டி மறுபடி படுத்திருச்சு சார்," என்றான் மெக்கானிக். வலியில் கண் திறக்கவில்லை.

"டேய், நீ பார்த்த பஸ்ஸைவிட நான் உன்னைப் பார்த்ததுதான் அதிகம்."

அவன் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் பொத்தான் மாதிரி ஒரு சிறு மேடு. அழுத்தினால் அமுங்கும், குழாய் நன்றாக இருந்தால் நீர் நிரம்பித் திரும்ப எழும்பும். பேராசிரியர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அமுங்கியது. எழும்பவில்லை. விரலை எடுத்திருக்கலாம். எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதுதான் தப்பு.

மெக்கானிக் கண்ணைத் திறந்தான். அம்மா முகம் பிடிபடுவதற்கு முன்பே அந்த மண்டைக்குப் பழகிப்போன விரல் அது. அதன் நடுக்கம்தான் அவனுக்குப் புதுசு. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"இன்னைக்கே பண்ணிடலாம்," என்றார் பேராசிரியர். "நானே..."

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"இந்தத் தடவ டாக்டரம்மா பண்ணட்டும். நீங்க வெட்டினா தழும்பு கோணலா வருது. என் பொண்டாட்டி கேலி பண்றா."

பச்சைப் பொய். அவர் போட்ட தழும்பை முடிவெட்டுகிறவர்கள்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்ற டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழகு பாக்குற மூஞ்சியப் பாரு," என்றார் அவர். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஆனா நீங்க பக்கத்துல நிக்கணும்."

"நிக்காம எங்கடா போகப்போறேன்?"

நிற்கத்தான் போனார். ஆனால் கால்கள் பழக்கதோஷத்தில் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள் வந்தார். மெக்கானிக் அதற்குள் மயங்கியிருந்தான். நர்ஸ் பச்சை அங்கியை விரித்துப் பிடித்திருந்தாள். அதற்குள் கையை நுழைத்தது அவருடைய மாணவி.

விளக்கைத் திருப்பினார்கள். எல்லோரும் அவன் தலையை நோக்கிக் குனிந்தார்கள். கழுவிய கையைக் கீழே இறக்கக் கூடாது என்பது அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இறக்காமலே நின்றார். முழங்கையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நடுக்கத்தில் ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு இடத்தில் போய் விழுந்தது.