கப்பல் சமையல்காரனின் குரல்

மிமிக்ரி அக்காவுக்குச் சோறு போட்டவன் ஒரு கார்ட்டூன் சமையல்காரன். கன்னங்கரேலென்று முகம், தொங்கும் உதடு, சுருட்டை முடி, கப்பலில் வேலை. வாயைத் திறந்தால் பாதி உளறல், பாதி ‘ஊகா பூகா’. அந்தக் குரலுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

டப்பிங் நடக்கும்போது கண்ணாடிக்கு அந்தப்புறம் விளக்கை அணைத்துவிடுவார்கள். அன்று புதிதாக வந்திருந்த சவுண்ட் இன்ஜினீயர் யாரென்று பாராமலே அக்கா வரிந்துகட்டிக்கொண்டு ஊகா பூகா போட்டாள். விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதே கறுப்பு, அதே சுருட்டை முடி. தாத்தா காலத்தில் கடல் கடந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பையன். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டீ குடிக்கும்போது மன்னிப்புக் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

“பரவால்லக்கா. ஸ்கூல்ல என் பொண்ணை இந்தக் குரல்லதான் கூப்பிடுறாங்க. பேசுறது யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

கப்பல் மூழ்கும் காட்சி. கேப்டனுக்கு எப்போதும் டைரக்டர்தான் குரல் கொடுப்பார்.

“நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கப்பல்ல ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது!” என்று முழங்கினார்.

“தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சுங்க, கேப்டன்” என்றாள் அக்கா, உளறல் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைப் போல.

டைரக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஆட்கள் இவ்வளவு தெளிவாகப் பேச மாட்டார்களாம். அக்காவுக்கு முடியாதென்றால் வேறு ஆளைப் பார்ப்பாராம். நீயே சொல்லுப்பா என்று இன்ஜினீயரையும் துணைக்கு இழுத்தார்.

“காலையிலேருந்து நான் உங்ககிட்ட எப்படி சார் பேசிட்டிருக்கேன்?” என்று கேட்டான் அவன்.

டைரக்டர் சமாளிக்க வழி தெரியாமல், பதிவானதைப் போடச் சொன்னார். கேப்டன் முழங்கினான், சமையல்காரன் பதில் சொன்னான். திரும்பவும் போடச் சொன்னார். அதற்குள் இன்ஜினீயர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, டைரக்டருக்கே சிரிப்பு பீறிட்டது. அடுத்த சீனையும் இப்படியே பேசுங்கம்மா என்று அக்காவிடம் சொன்னவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

“அப்போ இத்தனை வருஷமா இந்தக் கப்பல்ல முட்டாள் நான்தானா?”