கோச்சுக்குத் தமிழ் தெரியாது

வாலிபால் கோச்சுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: ஆறடிக்கு மேலே இருப்பவர்கள், மற்றவர்கள். மற்றவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை குறைவு. நெட்டை என்றே எல்லோரும் கூப்பிடுகிற இந்தப் பெண் ஆறடி ஒரு அங்குலம். அதனால்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி அவளைத் தன் கல்லூரிக்கு வரவழைத்தார். டீமுக்கு ஆடினால் போதும், படிப்பு இலவசம்.

இந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பட்டமளிப்பு. கறுப்பு அங்கி வந்துவிட்டது. அவள் எழுதிக் கொடுத்த உயரத்தைத் தையற்கடையில் யாரும் நம்பவில்லை போலிருக்கிறது, அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. அவள் போட்டுப் பார்த்ததும் அறைத்தோழி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். நெட்டையும் சிரித்தாள். ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. பட்டம் வாங்கி மூன்று மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்து ஊருக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருபத்தாறு இடத்துக்கு எழுதிப் போட்டாள். இருபத்தைந்து பேர் பதிலே போடவில்லை. பதில் போட்ட ஒருவர், "விளையாட்டு மேலாண்மை என்றால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

அது என்னவென்று அவளுக்கும் சரியாகத் தெரியாது, அதைத்தான் படித்தாள் என்றாலும். வந்தபோது அவள் படிக்க நினைத்தது பிசியோதெரபி. முதல் வாரமே விளையாட்டு அலுவலகத்தில் ஓர் அம்மாள் அவளுடைய கால அட்டவணையை எடுத்து, மதியம் ரெண்டிலிருந்து ஆறு வரை சிவப்புப் பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவிட்டாள். அது பயிற்சி நேரம். லேப் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள். கடைசியில், ஒரு மணிக்குள் எந்தப் படிப்பு முடிகிறதோ அதுவே நெட்டையின் படிப்பு என்றாயிற்று. டீமில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். "சாப்பாட்டுக்கு முந்தின பட்டம்" என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். வீட்டில் மட்டும் அப்பா இன்னமும் எல்லோரிடமும் பிசியோதெரபி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் திருத்தவில்லை.

புதன்கிழமை கோச் அவளைக் கூப்பிட்டார். கல்லூரியில் ஒரு வேலை காலியாம். வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து டீமில் சேர்க்கிற வேலை. "இன்னைக்கு ஒரு பொண்ணு வீட்டோட வீடியோவுல பேசறோம். உன் பாஷைக்காரங்க. நீ எடுத்துச் சொல்லு. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா உன் பேப்பரை மேல அனுப்பறேன்." பூசி மெழுகுவதெல்லாம் அவரிடம் கிடையாது. அந்த ஒரு குணத்துக்காகவே நாலு வருஷம் அவரைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

திரையில் ஒரு சின்ன அறை தெரிந்தது. அலமாரி மேல் கோப்பைகள் இடித்துக்கொண்டு நின்றன. நடுவில் அந்தப் பெண், பதினேழு வயசு, தலை பாதி திரைக்கு மேலே போயிருந்தது. பக்கத்தில் அவளுடைய அம்மா நர்ஸ் உடுப்பில் இருந்தார், டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார்.

நர்ஸம்மா முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பது என்று கேட்டார். கோச் சொன்னார், நெட்டை தமிழில் சொன்னாள். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. பிறகு நர்ஸம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இவளுக்கு இங்கயே நல்ல காலேஜ்ல உயிரியலுக்கு இடம் கிடைச்சிருக்கும்மா. அதைப் படிச்சுட்டு டாக்டருக்குப் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும். இருபது வருஷமா நான் டாக்டருங்களுக்குப் பின்னாடியே நடக்கறேன். இவ முன்னாடி நடக்கணும்னு ஒரு ஆசை. அங்க வந்தா டாக்டருக்குப் படிக்க முடியுமான்னு கேளு."

கேட்டாள். "எங்க கல்லூரியில எல்லாப் பாடமும் இருக்கு. யார் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் விண்ணப்பிக்கலாம்" என்றார் கோச். ஒரு சொல்லில்கூடப் பொய் கிடையாது. மனுஷர் அதில் கெட்டிக்காரர்.

"எல்லாம் படிக்கலாம்னு சொல்றாரும்மா."

"அவரு சொல்றது இருக்கட்டும். நீ நம்ம பிள்ளை. நாலு வருஷம் அங்கயே இருந்தவ. நீ சொல்லு, ஆடிக்கிட்டே லேப்புக்கும் போக முடியுமா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுக்கக் கோச் தலையில் விழும். கோச்சுக்குத் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. "முடியாதும்மா" என்று அவள் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கலாம். சிவப்புப் பென்சிலைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். அவளை யாரும் மிரட்டவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை.

"முடியும்மா" என்றாள் நெட்டை. வாய் கூசவில்லை. அதோடு விட்டாளா? "நான்தான் இங்க இருக்கேன்ல, நான் பாத்துக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா படிச்சே?"

"உடம்பு சம்பந்தப்பட்ட படிப்புதாம்மா."

நர்ஸம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியா, அக்கா படிச்சிருக்கா!"

"என்ன கேட்டாங்க?" என்றார் கோச்.

"குளிர் எப்படி இருக்கும்னு கேட்டாங்க" என்றாள் நெட்டை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பக்கத்துக்கும் பொய்.

அன்றைக்கே வெட்கம் வந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். வரவில்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது. விடுதிக்குப் போகிற வழியில் பாட்டு முணுமுணுத்தாள். வெட்கம் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வந்தது. "அக்கா படிச்சிருக்கா" என்பது மறுபடி காதில் ஒலித்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள். உடனே போன் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்தாள். செய்தி ஒன்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். யாருக்குத் தெரியும், இந்தப் பெண் கெட்டிக்காரியாக இருக்கலாம், எப்படியோ சமாளித்துவிடலாம் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டுக் கட்டினாள். வியாழன் அப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோச் கட்டை விரலை உயர்த்திக்கொண்டே வந்தார். கையெழுத்து வந்துவிட்டது. வேலைக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

சனிக்கிழமை மேடையில் அவள் பெயரை எப்படியோ கடித்துக் குதறி வாசித்தார்கள். படிப்பின் பெயரை மட்டும் தெளிவாக வாசித்தார்கள். கூட்டம் கைதட்டியது. அவளுக்கு முன்னால் போனவள் உயிரியல் பட்டக்காரி, டீம்காரியும் இல்லை. கீழே அந்தப் பெண்ணின் அம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் நெட்டைக்கு மேடையிலேயே உடம்பு கூனிக் குறுகிப் போயிற்று. இறங்கியவள் போட்டோவுக்கு நிற்கவில்லை. நேராக விளையாட்டரங்கத்துக்குப் போய், பந்துக் கூடைகள் அடுக்கியிருந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு நர்ஸம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

நர்ஸம்மா வார்டில் இருந்தார். பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்மா. பட்டம் வாங்கிட்டியா?"

"அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்ம்மா." ஒரே மூச்சில் கொட்டினாள். "லேப் எல்லாம் மதியம்தான். பயிற்சியும் மதியம்தான். எங்க டீம்ல ஒருத்திகூட உயிரியல் படிச்சதில்ல. நானும் படிக்கல. விளையாட்டு மேலாண்மைதான் படிச்சேன். இந்த வேலை கிடைக்கணும்னு அப்படிச் சொல்லிட்டேன்."



"நேத்து மத்தியானம் வரைக்கும் இவ இடம் இங்க காலேஜ்ல இருந்துச்சு" என்றார் நர்ஸம்மா. குரல் உயரவில்லை. "நான்தான் போய் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். நேத்து காலைல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்மா."

"இப்ப ஏன் சொல்றே?"

"மனசு கேக்கலம்மா."

"உனக்குப் பாரம் இறங்கணும். அதுக்குத்தானே?"

நெட்டைக்கு அழுகை வந்தது. "நான் இந்த வேலையே வேணாம்னு சொல்லிடறேன்மா. ஊருக்குத் திரும்பிப் போயிடறேன்."

"போயி? நீ போயிட்டா அங்க அவளுக்கு வாய்விட்டுப் பேச யாரு இருக்கா?" ஏதோ பாத்திரத்தைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. "இங்க பாரு. அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே. ரெண்டு நாளா தரையில கால் படாம திரியறா. அந்தக் கோச்சுகிட்ட லேப் நேரத்தை விடச் சொல்லிக் கேட்டா விடுவாரா?"

"தெரியலம்மா."

"உனக்காக நீ கேட்டியா?"

"இல்லம்மா."

"ஒரு தடவைகூடவா?"

"இல்லம்மா."



"அவளுக்காகக் கேட்பியா?"

"கேக்கறேன்மா. கண்டிப்பா கேக்கறேன்."

"சரிம்மா" என்றார் நர்ஸம்மா. நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்தானே என்று கேட்கிற நோயாளியிடம் சொல்கிற அதே சரி. போன் வைக்கப்பட்டது. அவர் நம்பவில்லை என்பது நெட்டைக்குப் புரிந்தது. அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை வரவில்லை.