நாண் ஏற்றத் தெரிந்த குமாஸ்தா

சவரிநாதன் வில்லிலிருந்து நாணைக் கழற்றுவதைப் பார்த்த அன்றைக்கே அவன்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்கள் அம்பெய்து விளையாடும் கிளப்பில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முப்பத்தாறாம் வருஷம். அவன் அங்கே பதினோரு வருஷமாக மைதானத்து ஆள். வைக்கோல் இலக்கைத் தூக்கி நிறுத்துவது, தைத்த அம்புகளைப் பிடுங்கிவந்து தூணியில் போடுவது, நாண் உரசாமல் துரைசானிகள் முன்கையில் கட்டும் தோல்பட்டையைத் துடைப்பது எல்லாம் அவன் வேலை. சாமான் அறைச் சாவி என்னிடம்.

சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் ஆறு வில்லிலும் நாணை நழுவவிட்டான். வில்லெல்லாம் நிமிர்ந்து வெறும் கம்பாக நின்றன.

"எதுக்குப்பா கழட்டறே?"

"வில்லு கொஞ்சம் இளைப்பாறணும் சாமி."

மரத்துக்கு இளைப்பாறலாம்! யார் காதில் பூ சுற்றுகிறான்? சீமையிலிருந்து கப்பலில் வரும் நாண். முக்கொம்பில் தூண்டில் போடுகிறவனிடம் அதைத் தள்ளிவிட்டு, பழசைக் கொண்டுவந்து வைக்கிறான் என்று முடிவுகட்டினேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு நாணையும் வில்லில் ஏற்றி இழுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. திரும்பக் கழற்றவும் மனசு வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன் நான். நாணில்லாத வில்லோடு எந்தச் சன்னிதியிலும் ராமனைச் சேவித்ததில்லை. ஏற்றியபடியே விட்டுவிட்டு, காலையில் அவன் வருமுன் கழற்றினேன். முதல் நாள் விரல் நசுங்கியது. போகப்போகப் பழகிவிட்டது.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் துரைசானிகளின் அம்புகள் இலக்குக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தன. செகரட்டரி துரை வில்களை வாங்கிப் பார்த்தார். நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே இருந்தன. விடிய விடிய நாணோடு கிடந்து மரம் சோர்ந்துவிட்டது என்றார். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சவரிநாதனிடம் சொன்னார்.

"தினம் கழட்டித்தான் வெச்சேன் தொரை. சாமியக் கேளுங்க."

துரை என்னைப் பார்த்தார். நான் கவனிக்கவில்லை என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

சவரிநாதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது உள்ளங்கையின் அடியில், மூன்று மாதமாக வில்லை அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறியிருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு ஒரு வில்லை எடுத்து நீட்டினான்.

"சாமி, இதுல நாண் ஏத்துங்க."

குமாஸ்தாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று துரை சிரித்தார். இரண்டு தடவை தடுமாறினால் போதும். என் வேலை தப்பும், அவன் வேலை போகும். வீட்டில் என் மனைவி பூமாவுக்கு எட்டாம் மாதம்.

வில்லை வாங்கினேன். கீழ்முனையைப் பாதத்தின் உட்புறம் ஊன்றினேன். இடது கை நடுவில் பிடித்து இழுத்தது. வலது கை மேலே அழுத்திக்கொண்டே ஏறியது. முதல் தடவையிலேயே நாண் மேல்முனையில் வெட்டியிருந்த காடியில் போய் உட்கார்ந்தது.

துரையின் சிரிப்பு நின்றது. வில் என் கையில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை.