மத்தியானத்துக்குள் வந்துவிடலாம்

எங்கள் கவுண்டியில் யார் மேலாவது வாரண்ட் வந்தால், சைரன் போட்டுக்கொண்டு ஓடுகிற வழக்கம் கிடையாது. போன் செய்வோம். "மாட்டுக்குத் தீனி போட்டுட்டு நிதானமா ஒரு ஒன்பது மணிக்கு வந்துருங்க" என்போம். வந்துவிடுவார்கள். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வண்டியில் இரண்டு மணி நேரம். ஷெரிப் ரோலியைச் சேர்த்து சீருடைக்காரர்கள் மூன்றே பேர். சிறையில் பன்னிரண்டு கட்டில். இதில் யாரைத் துரத்துவது? என் இருபத்திரண்டு வருஷ வேலையில் சொன்ன நேரத்துக்கு வராதவர் ஒரே ஒருவர். அவரும் வழியில் வண்டி பனியில் சிக்கி, மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த போன்களைச் செய்வது நான்தான். பெயர் பெர்னடீன், ஊருக்கு பெர்னி. பகலில் சிறை என் பொறுப்பு, கூடவே வயர்லெஸ், கூடவே காபி. என் குரலைக் கேட்டால் ஜனங்களுக்குப் பயம் வராது என்று ரோலி சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது இல்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து டென்லி கவுண்டியின் ஷெரிப் ஆபீஸிலிருந்து ஃபேக்ஸில் ஒரு வாரண்ட் வந்தது. ஆர்வின் ஹௌக்ஸ்டாட், வயது எழுபத்தாறு. போன அக்டோபரில் அவருடைய மாடுகள் எல்லை வேலியைத் தாண்டி, அந்தக் கவுண்டியின் நெடுஞ்சாலையில் போய் நின்றிருக்கின்றன. அதற்காக இரண்டு முறை கோர்ட்டுக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. இவ்வளவுதான் குற்றம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபேக்ஸ் இன்னும் இரைந்துகொண்டிருக்கும்போதே போனை எடுத்துவிட்டேன்.

"எவ்வளவு நேரம் ஆகும், பெர்னி?" என்று கேட்டார் ஆர்வின்.

"கைரேகை வெச்சுட்டு ஒரு கையெழுத்து. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம்."

"நிச்சயமா மத்தியானம்தானே?"

"நான் சொன்னா சொன்னதுதான், ஆர்வின்."

ஒன்பது அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றார். சவரம் செய்த முகம், பழைய பச்சைத் தொப்பி, முழங்கால் வரை தொங்கும் கோட்டு. சட்டைப் பையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் கைரேகை எடுக்க வேண்டும். சீக்கிரம் அனுப்பலாமே என்று நான் முதலில் கைரேகையை எடுத்தேன். பத்து விரலும் மாநிலத் தலைநகரத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தன. அப்புறம்தான் அவர் கோட்டுப் பையிலிருந்ததை மேஜைமேல் வைத்தார். சாவி, கைக்குட்டை, பிறகு கறுப்பாக நான்கு குமிழ்கள். அடுப்பில் திருகுவோமே, அவை.

"என்ன இது, அடுப்பையே கழட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

"டெல்ஃபா பத்த வெச்சுட்டு மறந்துருவா. வெளிய கிளம்பினா இதையெல்லாம் கையோட எடுத்துட்டு வந்துருவேன்."

டெல்ஃபா அவர் மனைவி. இரண்டு குளிர்காலமாக அவளைச் சர்ச்சில் பார்க்கவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களை உதவி கேட்க வைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் ஒன்று.

"இப்ப அவங்ககூட யார் இருக்கா?"

"யாரும் இல்லை. கோர்ட்டுக்குப் போனா ஒரு நாள் முழுக்க ஆகும்னாங்க, அதான் போகலை. நீ மத்தியானத்துக்குள்ளன்னு சொன்னியே, அதான் வந்தேன்."

கையெழுத்து வாங்கும் தாளை எடுக்க ஃபேக்ஸ் பக்கம் திரும்பினேன். வாரண்டின் இரண்டாவது பக்கம் தட்டில் கிடந்தது. ஜாமீன் கிடையாது, நீதிபதி முன் நிறுத்தும் வரை காவலில் வைக்கவும் என்று இருந்தது. அதை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான் எழுதியிருந்தது.

டென்லி கோர்ட்டுக்கு போன் செய்தால் இயந்திரம் பேசியது. அவர்கள் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்தில் மாநிலப் போட்டிக்குப் போயிருக்கிறார்களாம், அதனால் இன்று அலுவலகம் இல்லை. திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய் காலை வரவும். ரோலி எப்படியோ நீதிபதியின் கைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தார். போனுக்குள் ஒரே மேளச் சத்தம்.

"செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம், ரோலி! நாங்க நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம்!" என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ரோலி என்னைப் பார்த்தார். "கைரேகை அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு."

அனுப்பாமல் இருந்திருந்தால், நீங்கள் வரவே இல்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார். அந்த மாதிரி மனுஷர்தான். இனி ஆர்வின் எங்களிடம் இருப்பது மாநிலத்துக்கே தெரியும்.

"அந்த ரெண்டாவது பக்கம் வர்ற வரைக்கும் ஒரு வாய் காபி குடிச்சிருக்கக் கூடாதா, பெர்னி?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

டெப்யூட்டி ட்ரென்ட் போய் டெல்ஃபாவை அழைத்து வந்தான். அந்தக் குளிரில் வீட்டுச் செருப்போடு தொழுவத்துக் கதவருகே நின்று, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எங்கள் ஊர் முதியோர் இல்லத்தை மூடி ஒரு வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில், உடம்புக்கு ஒன்றுமில்லாதவளை எப்படிப் படுக்க வைப்பது என்றார்கள். என் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்றேன். வேறு என்ன செய்ய?

அதை ஆர்வினிடம் சொல்லப் போனேன். அதற்குள் ஆரஞ்சுக் கோடு போட்ட சிறை உடுப்பை மாட்டியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"கேளு பெர்னி. காலையில அவ கண்ணு முழிக்கும்போது நான் எதிர்ல இருக்கணும். 'டெல்ஃபா, நான்தான் ஆர்வின், காபி போட்டாச்சு'ன்னு சொல்லணும். சொன்னா அன்னைக்கு முழுக்க அவளுக்கு என்னைத் தெரியும். போன வருஷம் ஒரே ஒரு ராத்திரி நான் ஆஸ்பத்திரியில தங்கினேன். திரும்பி வந்து, அவளுக்கு என்னைத் தெரிய வைக்க ஒரு வாரம் ஆச்சு. இன்னொரு தடவை அந்த ஞாபகம் போனா திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நாலு நாள்தானே" என்றேன். சொன்ன வாயை அப்போதே தைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை, அவர் சொன்னதையே டெல்ஃபாவிடம் சொல்லி எழுப்பினேன். ஆர்வின் காபி போட்டாச்சுன்னு சொல்லச் சொன்னார் என்றேன். அவள் என் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, "யார் வீடு இது?" என்று கேட்டாள். சிறையில் பார்வையாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். கோடு போட்ட உடுப்பைப் பார்த்து மிரண்டாள். போனில் அவர் குரல் கேட்டதும் முகம் தெளிந்தது. "ஏங்க, இங்க என்ன பண்றீங்க? எழுந்திருங்க, வீட்டுக்குப் போலாம்" என்று கண்ணாடியைத் தட்டினாள். அவர் அழுதார். பக்கத்து அறையில் குடித்துவிட்டு வந்து படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விதியை மீறி அவருடைய பச்சைத் தொப்பியைக் கொடுத்தேன். ரோலி பார்த்தார், பார்க்காத மாதிரி போய்விட்டார்.

"இது என் வீட்டுக்காரர் தொப்பி மாதிரியே இருக்கே" என்றாள் டெல்ஃபா.

"நான்தான் டெல்ஃபா. ஆர்வின். காபி போட்டாச்சு."

அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். "நல்ல மனுஷனாத்தான் தெரியுது, பாவம். என்ன தப்பு பண்ணாராம்?"

"மாடு ரோட்டுக்கு வந்துருச்சு."

"அதுக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்களன்று, அவளைக் கூட்டிவர வேண்டாம் என்றார். "இந்தச் சட்டையோட என் மூஞ்சி அவ மனசுல பதிஞ்சுரும், பெர்னி." அன்று முழுவதும் சாவிக்கொத்து என் இடுப்பில் கனத்தது. திறந்து விட்டால் என்ன என்று நினைத்தேன். திறந்தால் அவரைத் தேடி வருவார்கள், இன்னும் நாள் கூடும், என் வேலையும் போகும். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்காதீர்கள். நான் திறக்கவில்லை.

செவ்வாய் காலை, கம்ப்யூட்டர் திரையில் நீதிபதி வந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. நான்கு நிமிடத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

"இனிமேலாவது வேலியைச் சரி பண்ணுங்க, மிஸ்டர் ஹௌக்ஸ்டாட்."

"அக்டோபர்லயே பண்ணியாச்சு, ஐயா."

ஆர்வின் தன் உடுப்பை மாட்டினார். தலையை நனைத்து வாரிக்கொண்டு, தொப்பியைச் சரி பார்த்து, கோட்டுப் பொத்தானைக் கடைசி வரை போட்டார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். சாவி, கைக்குட்டை, குமிழ்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். முன் அறையில் ஜன்னலோரப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டெல்ஃபா உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் எதிரே போய் நின்றார்.

"டெல்ஃபா. நான்தான் ஆர்வின்."

அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். "வணக்கம் ஐயா. உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா என்னை வீட்டுல விட்டுருவீங்களா? என் வீட்டுக்காரர் மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் இல்லைன்னா தேடுவாரு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். ஆர்வின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம், நான் தாங்கியிருப்பேன்.

"சரிங்கம்மா, வாங்க போலாம்" என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன்."

"ரொம்ப நன்றி ஐயா. வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பத்த வெச்சு உங்களுக்குச் சூடா ஒரு காபி போட்டுத் தரேன்."

ஆர்வின் கோட்டுப் பைக்குள் கையை விட்டு அந்தக் குமிழ்களைப் பற்றிக்கொண்டார். கையை வெளியே எடுக்காமலே, மறு கையால் அவளுக்காகக் கதவைத் திறந்தார்.